பிரிட்டனில் கைத்தொழிலாளர்களின் வேலைச் செலவுக்கு வரிச்சலுகை: நிலையான தொகையா, உண்மைச் செலவா?

பிரிட்டனில் தச்சர், பிளம்பர், எலக்ட்ரீஷியன், மோட்டார் மெக்கானிக், டைல்ஸ் பதிப்பவர் போன்ற தொழில்களில் இருப்பவர்கள், வேலைக்காகத் தம் கைப்பணத்தில் செய்யும் செலவுகளுக்கு வரிச்சலுகை கோரலாம் என்பது பலருக்கும் தெரிந்ததே. எந்த வழியில் கோரினால் தமக்கு ஆதாயம் என்பதில்தான் குழப்பம் இருக்கிறது. ஒரே செலவுக்கு இரண்டு மூன்று வழிகள் திறந்திருக்கின்றன; அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தால் மற்றது அடைபடும்; சில தேர்வுகளைப் பின்னர் மாற்றவும் முடியாது. சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் கருவிகளுக்கான சில பவுண்டுகளைத் தேடிக் கோரிவிட்டு, பெரிய தொகை கிடைக்கக்கூடிய பயணக் கணக்கைக் கைவிடுகிறார்கள். சுயதொழில் செய்பவர்களோ, வேன் வாங்கிய முதல் ஆண்டின் கணக்கை மட்டும் பார்த்து, அடுத்த பல ஆண்டுகளுக்கான வழியை அவசரமாக முடிவு செய்துவிடுகிறார்கள். இந்த இரு தரப்பினருக்கும் உள்ள வழிகளை ஒப்பிட்டு, எது யாருக்குப் பொருந்தும் என்பதை இங்கே பார்க்கலாம். எண்கள் 2024-25 வரி ஆண்டுக்கு உரியவை. ஸ்காட்லாந்தில் வருமான வரி வீதங்கள் சற்று வேறானவை என்பதால், அங்கு வசிப்பவர்கள் தங்கள் வீதத்தைப் பொருத்திக் கணக்கிட வேண்டும்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும்: நீங்கள் சம்பள ஊழியரா, சுயதொழில் செய்பவரா? இரண்டுக்கும் சட்டத்தின் அளவுகோலே வேறு. ஊழியரின் செலவு, அவருடைய பணிக் கடமைகளைச் செய்வதற்காகவே முழுமையாகவும் பிரத்தியேகமாகவும், அதோடு கட்டாயமாகவும் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். சுயதொழிலாளருக்கு அந்தக் கட்டாயம் என்ற நிபந்தனை கிடையாது. செலவு முழுமையாகத் தொழிலுக்கானதாக இருந்தால் போதும். முதலாளியின் பட்டறையில் நல்ல டிரில் இருக்கும்போது, தமக்குப் பழக்கமான பிராண்டு வேண்டுமென்று ஓர் ஊழியர் சொந்த டிரில் வாங்கினால் அவருக்குச் சலுகை இல்லை. அதே டிரில்லைச் சுயதொழிலாளர் வாங்கினால், அது ஏன் தேவை என்று யாரும் கேட்கப்போவதில்லை.

பலனின் அளவும் வேறுபடுகிறது. 20 சதவீத வரி கட்டும் ஊழியர் 100 பவுண்டு செலவுக்குச் சலுகை கோரினால் அவர் கைக்கு வருவது 20 பவுண்டு. அதே 100 பவுண்டு சுயதொழிலாளரின் லாபத்தைக் குறைப்பதால், 20 சதவீத வருமான வரியுடன் சுயதொழில் லாபத்தின் மீதான 6 சதவீத நான்காம் வகுப்பு தேசியக் காப்பீட்டுக் கட்டணமும் சேர்ந்து அவருக்கு 26 பவுண்டு மிச்சமாகும். செலவு செய்த தொகை முழுவதும் திரும்பி வரும் என்று நினைத்துக்கொண்டு, தேவையற்ற கருவியை ஆண்டு இறுதியில் வாங்குவோர் இந்தக் கணக்கை நினைவில் வைப்பது நல்லது.

சம்பள ஊழியருக்கு உள்ள வழிகள்

ஊழியர்களுக்கு எளிதான வழி, தொழிலுக்குத் தொழில் பிரிட்டனின் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. நிர்ணயித்து வைத்திருக்கும் நிலையான தொகையைக் கோருவது. கட்டுமானத் துறையில் தச்சருக்கு ஆண்டுக்கு 140 பவுண்டு, சாதாரணக் கூலித் தொழிலாளருக்கு 60 பவுண்டு, பிளம்பருக்கு 120 பவுண்டு, பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்யும் மோட்டார் மெக்கானிக்குக்கும் 120 பவுண்டு. எலக்ட்ரீஷியனுக்கும் 120 பவுண்டுதான். ஆனால் மின்துறையில் சீருடை துவைக்கும் செலவு மட்டும் உள்ளவருக்கு 60 பவுண்டே. சிறு கருவிகளைப் பழுதுபார்ப்பது, மாற்றி வாங்குவது, வேலை உடையைத் துவைப்பது ஆகியவற்றுக்காகவே இந்தத் தொகை தரப்படுகிறது. ரசீது காட்ட வேண்டியதில்லை. தச்சரின் 140 பவுண்டுக்கு 20 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 28 பவுண்டு. பெரும்பாலும் இது காசோலையாக வருவதில்லை. உங்கள் வரிக் குறியீடு 1257எல் என்பதிலிருந்து 1271எல் என்று மாறி, மாதச் சம்பளத்தில் பிடிக்கும் வரி சிறிது குறையும். இதுவரை கோராதவர்கள் முடிந்துபோன நான்கு வரி ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கோரலாம்.

இரண்டாவது வழி, உண்மையில் செய்த செலவைக் கோருவது. நிலையான தொகையைவிட உண்மைச் செலவு கூடுதலாக இருந்தால் இதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒரே செலவுக்கு இரண்டையும் கோர முடியாது. 2024 அக்டோபர் முதல் இத்தகைய கோரிக்கைகளுடன் ரசீது முதலான ஆதாரங்களையும் எச்.எம்.ஆர்.சி. கேட்கிறது, நிலையான தொகைக்கு மட்டும் விலக்கு. வேறு சில தடைகளும் உண்டு. முதன்முதலாக வாங்கும் சிறு கருவிக்கும் வேலை உடைக்கும் சலுகை கிடையாது. மாற்றி வாங்கும்போதுதான் கிடைக்கும். பாதுகாப்புக் காலணி, தலைக்கவசம் போன்றவற்றைத் தருவது முதலாளியின் சட்டக் கடமை என்பதால், அவற்றை நீங்களே வாங்கியிருந்தாலும் வரிச்சலுகை கோர முடியாது; முதலாளியிடம்தான் கேட்க வேண்டும். முதலாளி திருப்பித் தந்துவிட்ட செலவுக்கும் சலுகை இல்லை.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் என் கருத்து இதுதான். ஆண்டுக்கு 300 பவுண்டு அளவில் கருவிகளை மாற்றி வாங்கும் ஒரு தச்சர், உண்மைச் செலவு வழியில் பெறுவது 60 பவுண்டு. நிலையான தொகையில் 28. வித்தியாசமான 32 பவுண்டுக்காக ஆண்டு முழுவதும் ரசீதுகளைச் சேர்த்து, ஒவ்வொன்றும் மாற்றி வாங்கியதா, புதிதாக வாங்கியதா என்று பிரித்து அனுப்புவது பெரும்பாலோருக்குப் பயன் தராது. அவர்கள் நிலையான தொகையை எடுத்துக்கொள்வதே சரி.

இதற்கு விலக்காக நிற்பவர் சொந்தக் கருவிகளுடன் வரவேண்டும் என்ற நிபந்தனையில் வேலைக்குச் சேரும் மெக்கானிக். அவர் வாங்கும் பெரிய கருவித் தொகுப்பு, சிறு கருவி என்ற வகையில் அடங்காது. கருவி முதலீட்டுக்கான கழிவின் கீழ் முழு விலையையும் அதே ஆண்டில் கோர வாய்ப்புண்டு. 2,000 பவுண்டுக்கு வாங்கினால் 400 பவுண்டு வரி குறையும். அந்தக் கருவிகள் இல்லாமல் வேலையைச் செய்ய முடியாது என்பதையும் முதலாளி அவற்றைத் தருவதில்லை என்பதையும் காட்டும் கடிதமோ வேலை ஒப்பந்தமோ கையில் இருப்பது நல்லது. தவணையில் கருவி வாங்கும் இளம் மெக்கானிக்குகள், தவணை அட்டையை மட்டும் பத்திரப்படுத்தி, பொருளின் விலைப்பட்டியலைத் தொலைத்துவிடுவது வழக்கம், வேண்டியது விலைப்பட்டியல்தான்.

ஆயினும் ஊழியருக்குப் பெரிய தொகை இருப்பது பயணத்தில். வீட்டிலிருந்து நிரந்தர வேலையிடத்துக்குப் போய்வருவது சலுகைக்கு உரியதல்ல. ஆனால் தற்காலிக வேலையிடத்துக்குச் சொந்த வண்டியில் போனால், முதல் 10,000 மைல்களுக்கு மைலுக்கு 45 பென்ஸும், அதற்கு மேல் 25 பென்ஸும் கணக்கு வைக்கலாம். முதலாளி இதைவிடக் குறைவாகத் தந்தால், வித்தியாசத்துக்கு வரிச்சலுகை உண்டு. முதலாளி மைலுக்கு 25 பென்ஸ் மட்டும் தருகிறார், ஓர் ஊழியர் ஆண்டில் 6,000 மைல் ஓடுகிறார் என்று வையுங்கள்: 20 பென்ஸ் வீதம் 1,200 பவுண்டு, அதில் 20 சதவீதம் 240 பவுண்டு. கருவிகளுக்கான 28 பவுண்டுடன் இதை ஒப்பிட்டுப் பாருங்கள். முதலாளி ஒன்றுமே தராவிட்டால் கோரிக்கை 2,700 பவுண்டாகி, சலுகை 540 பவுண்டாக உயரும். ஆனால் ஓர் ஆண்டின் கோரிக்கை 2,500 பவுண்டைத் தாண்டினால் ஊழியர்கள் செலவுக் கோரிக்கைக்குப் பயன்படுத்தும் பி87 படிவம் போதாது, செல்ஃப் அசெஸ்மென்ட் எனப்படும் சுயமதிப்பீட்டு வரி அறிக்கை தாக்கல் செய்தாக வேண்டும். ஊழியருக்கு இங்கே உண்மைச் செலவு என்ற தேர்வே இல்லை. பெட்ரோல் ரசீதும் சர்வீஸ் பில்லும் அவருக்கு உதவாது.

எது தற்காலிக வேலையிடம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரே கட்டுமானத் தளத்தில் 24 மாதங்களுக்கு மேல், வேலை நேரத்தில் 40 சதவீதமோ அதற்கு மேலோ செலவிடப் போகிறீர்கள் என்றால், அது நிரந்தர வேலையிடமாகிவிடும். அப்படித் தெரியவரும் நாளிலிருந்தே சலுகை நின்றுவிடும். 24 மாதம் முடியும்வரை காத்திருக்காது. அம்ப்ரெல்லா நிறுவனம் (தொழிலாளரைத் தன் ஊழியராகச் சேர்த்து, பிறரிடம் வேலைக்கு அனுப்பிச் சம்பளம் தரும் இடைநிறுவனம்) வழியாகத் தளங்களுக்குப் போகும் தொழிலாளர், வேலை நடக்கும் விதத்தில் பிறருடைய மேற்பார்வைக்கோ கட்டுப்பாட்டுக்கோ உட்பட்டவராக இருந்தால், 2016 ஏப்ரல் முதல் அவருக்கு வீட்டிலிருந்து தளத்துக்குப் போகும் பயணச் சலுகை இல்லை. இதை அறியாமல் பழைய ஆலோசனையைப் பின்பற்றிக் கோரிக்கை அனுப்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சுயதொழிலாளருக்கு உள்ள வழிகள்

வார இறுதிகளில் மட்டும் சின்னச் சின்ன வேலை எடுத்துச் செய்பவருக்கு, டிரேடிங் அலவன்ஸ் எனப்படும் 1,000 பவுண்டு விலக்கு இருக்கிறது. வரவு ஆண்டுக்கு 1,000 பவுண்டுக்குள் இருந்தால் பொதுவாகப் பதிவு செய்யவே வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால், 1,000 பவுண்டை அப்படியே கழிப்பதா, உண்மைச் செலவைக் கழிப்பதா என்று தேர்வு செய்யலாம். இரண்டையும் சேர்க்க முடியாது. 1,800 பவுண்டு வரவும் 300 பவுண்டு செலவும் உள்ளவருக்கு அலவன்ஸ்தான் ஆதாயம். செலவு 1,150 பவுண்டு என்றால் உண்மைச் செலவு. ஒரு நுணுக்கம்: வரவு என்பது கைக்கூலி மட்டுமல்ல. டைல்ஸும் தாமே வாங்கித் தந்து, பொருள் விலையையும் சேர்த்து வாடிக்கையாளரிடம் 2,600 பவுண்டு பெற்றவரின் வரவு 2,600 தான். பொருள் வாங்கித் தரும் தொழிலாளருக்கு அலவன்ஸ் பெரும்பாலும் பொருந்தாது. கைக்கூலி மட்டும் வாங்குபவருக்கே அது நல்லது.

முழுநேரச் சுயதொழிலாளருக்கு இந்தக் கேள்வியே எழாது. கருவி, பொருள், காப்பீடு, போன், விளம்பரம் என எல்லாவற்றையும் உண்மைச் செலவாகவே எழுத வேண்டும். 2024-25 முதல், பணம் கைமாறிய நாளை வைத்து எழுதும் ரொக்கக் கணக்கு முறையே இயல்பான முறையாகிவிட்டதால், கருவிக்குப் பணம் கொடுத்த ஆண்டிலேயே முழுத் தொகையும் கழிக்கப்படும். இதில் ஒப்பிட அதிகம் இல்லை. உணவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. துணை ஒப்பந்தத் தச்சர் ஒருவர், வீட்டில் சாப்பிட்டால் 10 பென்ஸ், வேலையிடத்துக்கு அருகே சாப்பிட்டால் 40 பென்ஸ் என்று கணக்குக் காட்டி, கூடுதலான 30 பென்ஸைச் செலவாகக் கோரினார். 1975 ஆம் ஆண்டின் கெய்ல்பாட் எதிர் குவின் வழக்கில் நீதிமன்றம் அதை மறுத்துவிட்டது: மனிதன் சாப்பிடுவது வாழ்வதற்காகவும்தான், தொழிலுக்காக மட்டுமல்ல என்பது காரணம். தினசரி மதியச் சாப்பாட்டை இன்றும் பலர் செலவில் எழுதுகிறார்கள், எழுதக் கூடாது.

பயணத்தில் சுயதொழிலாளரின் நிலை ஊழியரைவிட மேலானது. 1971 ஆம் ஆண்டின் ஹார்ட்டன் எதிர் யங் வழக்கில், வீட்டையே தொழில் தளமாக வைத்துக்கொண்டு தளத்துக்குத் தளம் மாறி வேலை செய்த ஒரு கொத்தனாரின் வீட்டிலிருந்து தொடங்கும் பயணத்தையும் தொழில் செலவாக மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. மாறாக, மாதக்கணக்கில் ஒரே தளத்துக்குத் தினமும் போய்வருபவர் இந்தத் தீர்ப்பை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து.

வேன் கணக்கு: கவனமாக யோசிக்க வேண்டிய இடம்

சுயதொழிலாளர் தம் வேனுக்கு இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்வு செய்யலாம். ஒன்று, எளிய மைல் முறை: ஊழியருக்குச் சொன்ன அதே 45, 25 பென்ஸ் வீதத்தில் தொழில் மைல்களைப் பெருக்கிக் கழிப்பது. வேனின் விலை, எரிபொருள், காப்பீடு, சாலை வரி, எம்.ஓ.டி. எனும் வருடாந்திர வண்டிச் சோதனை, பழுது எல்லாமே அந்த வீதத்துக்குள் அடங்கிவிடும். பார்க்கிங் கட்டணத்தையும் சுங்கத்தையும் தனியாகச் சேர்க்கலாம். மற்றது, உண்மைச் செலவு: வாங்கிய விலையும் ஓட்டும் செலவும் தொழில் பயன்பாட்டு விகிதப்படி கழிக்கப்படும்.

முடிவின் பாரம் ஒரு விதியில் இருக்கிறது. ஒரு வேனுக்கு மைல் முறையைத் தொடங்கிவிட்டால், அந்த வேனைத் தொழிலில் வைத்திருக்கும்வரை அதையே தொடர வேண்டும். வேனின் விலையைச் செலவாகக் கழித்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த வேனுக்கு மைல் முறை கிடையாது. ஆகவே முதல் ஆண்டின் தேர்வே அந்த வேனின் ஆயுள்வரை நிற்கும்.

ஓர் உதாரணத்தைப் படிப்படியாகப் பார்ப்போம். 9,000 பவுண்டுக்கு வாங்கிய பழைய வேன். ஆண்டுக்கு ஓட்டும் செலவு 3,800 பவுண்டு. தொழில் பயன்பாடு 90 சதவீதம். தொழிலுக்காக ஓடுவது ஆண்டுக்கு 12,000 மைல். மைல் முறையில் முதல் 10,000 மைலுக்கு 4,500 பவுண்டும் மீதி 2,000 மைலுக்கு 500 பவுண்டுமாக, ஒவ்வோர் ஆண்டும் 5,000 பவுண்டு கழியும். உண்மைச் செலவு முறையில் முதல் ஆண்டிலேயே 11,520 பவுண்டு கழிந்துவிடும். அதன்பின் ஆண்டுக்கு 3,420 பவுண்டு மட்டும். முதல் ஆண்டை மட்டும் பார்ப்பவர் இரண்டாவது வழியைத்தான் எடுப்பார். மூன்று ஆண்டு முடிவில் 18,360 எதிர் 15,000 என்று அது இன்னும் முன்னே நிற்கும். ஐந்தாம் ஆண்டு முடிவில் 25,200 எதிர் 25,000 என்று இரண்டும் ஏறக்குறையச் சமமாகிவிடும். ஆறாம் ஆண்டில் மைல் முறை முந்திவிடும். இங்கே பலரும் மறந்துவிடுவது விற்பனை. ஐந்தாம் ஆண்டு இறுதியில் அந்த வேனை 3,000 பவுண்டுக்கு விற்றால், உண்மைச் செலவு முறையில் அதன் 90 சதவீதமான 2,700 பவுண்டு வரவாகச் சேர்ந்து, நிகரக் கழிவு 22,500 ஆகக் குறைந்துவிடும். மைல் முறையில் அந்தச் சேர்க்கை இல்லை.

வேனின் விலை குறைவாகவும், மைல்கள் அதிகமாகவும், வைத்திருக்கப் போகும் காலம் நீளமாகவும் இருந்தால் மைல் முறை. விலை உயர்ந்த புது வேனாகவும், ஓடும் மைல்கள் குறைவாகவும், நகரத்துக்குள்ளேயே பெரும்பாலும் பார்க்கிங்கில் நிற்பதாகவும் இருந்தால் உண்மைச் செலவு. பழைய வேனின் பழுதுச் செலவு ஆண்டுதோறும் ஏறும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்; என் உதாரணத்தில் அதை மாறாததாக வைத்திருக்கிறேன், நடைமுறையில் ஐந்தாம் ஆண்டில் கிளட்ச் போனால் எண்கள் கொஞ்சம் நகரும்.

இதோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தொழில் தொடங்கிய முதல் ஆண்டில் லாபம் குறைவாக இருக்கும்போது, பெரிய கழிவு வீணாகிவிடலாம். லாபம், வரியில்லாத தனிநபர் விலக்கான 12,570 பவுண்டுக்குக் கீழே இறங்கினால் அதற்கு மேல் குறைக்க வரியே இல்லை. பயன்படுத்தாத தனிநபர் விலக்கை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. ஜனவரியில் தொழில் தொடங்கி மார்ச்சில் வேன் வாங்குபவர், சில வாரம் பொறுத்து ஏப்ரல் 6க்குப் பிறகு வாங்கினாலே பலன் மாறிவிடும். மரபான வரவு செலவுக் கணக்கு முறையைத் தேர்ந்தெடுப்பவர், முதலீட்டுக் கழிவில் தமக்கு வேண்டிய அளவை மட்டும் கோரலாம். ரொக்க முறையில் அந்த நெகிழ்வு இல்லை.

மைல் முறைக்கு ரசீது வேண்டாம் என்பது உண்மை. பதிவேடு வேண்டாம் என்பது உண்மையல்ல. நாள், புறப்பட்ட இடத்தின் அஞ்சல் குறியீடு, சென்ற இடத்தின் அஞ்சல் குறியீடு, யாருக்கான வேலை, எத்தனை மைல் என்ற ஐந்து விவரங்கள் ஒவ்வொரு பயணத்துக்கும் இருக்க வேண்டும். உண்மைச் செலவைத் தேர்ந்தவர்கள், டாஷ்போர்டில் குவியும் பெட்ரோல் ரசீதுகள் வெயிலில் வெளுத்து எழுத்து மறைந்துவிடுவதற்கு முன் போனில் படம் எடுத்து வைப்பது அவசியம். சுயதொழிலாளரின் பதிவுகளை, அந்த ஆண்டின் வரி அறிக்கைக்கான ஜனவரி 31 கெடுவுக்குப் பிறகு ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

சி.ஐ.எஸ். தொழிலாளரும் முகவர்களும்

கூலியிலிருந்தே வரியை முன்கூட்டிப் பிடிக்கும், கட்டுமானத் துறையின் சி.ஐ.எஸ். (கன்ஸ்ட்ரக்‌ஷன் இண்டஸ்ட்ரி ஸ்கீம்) திட்டத்தில் வேலை செய்யும் துணை ஒப்பந்தக்காரரிடம், பதிவு செய்திருந்தால் 20 சதவீதமும், செய்யாவிட்டால் 30 சதவீதமும் முன்கூட்டியே பிடிக்கப்படுகிறது. இந்தப் பிடித்தம் அவருடைய வேன் செலவையோ தனிநபர் விலக்கையோ பார்ப்பதில்லை. ஆகவே அவருக்குச் செலவுக் கோரிக்கை பெரும்பாலும் பணம் திரும்ப வருவதாக முடியும். பொருள் விலையைப் பில்லில் தனியாகக் காட்டுவது மிக முக்கியம். கூலி 1,500, பொருள் 500 என்று பிரித்து எழுதினால் பிடித்தம் 300 பவுண்டு. மொத்தமாக 2,000 என்று எழுதினால் 400. கூடுதல் 100 பவுண்டு பிறகு திரும்பினாலும், அதுவரை அது உங்கள் கையில் இல்லை. இவர்கள் டிரேடிங் அலவன்ஸ் போதும் என்று வரி அறிக்கை தாக்கல் செய்யாமல் விட்டால், பிடித்த பணம் அப்படியே எச்.எம்.ஆர்.சி.யிடம் நின்றுவிடும்.

கோரிக்கையை நீங்களே அனுப்புவதா, கமிஷனுக்கு வரியைத் திரும்பப் பெற்றுத் தரும் முகவரிடம் கொடுப்பதா என்பதற்கு என் பதில் நேரடியானது. நிலையான தொகைக்கு முகவர் தேவையே இல்லை. அரசின் இணையப் பக்கத்தில் சில நிமிடங்களில் முடிகிற வேலைக்கு, 28 பவுண்டில் ஒரு பங்கைக் கமிஷனாகக் கொடுப்பது வீண். திரும்ப வரும் வரியை முகவரின் பெயருக்கே எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டுப் பல ஆண்டுகளுக்கான பணம் முகவரிடம் போன நிகழ்வுகள் பெருகியதால், 2023 மார்ச் 15 முதல் அத்தகைய ஒப்படைப்புகள் செல்லாதவையாக்கப்பட்டன. ஆயினும் கமிஷன் வாங்கும் முகவர்கள் இருக்கவே செய்கிறார்கள். மைல் கணக்கையும் சொந்தமாக அனுப்பலாம், பதிவேடு ஒழுங்காக இருந்தால்.

வேன், கருவி, சி.ஐ.எஸ். பிடித்தம் எல்லாம் சேர்ந்து வரும் முதல் ஆண்டுக்கு மட்டும் கணக்காளரிடம் போவது தகும். அங்கே வாங்க வேண்டியது படிவம் நிரப்பும் சேவையை அல்ல, மேலே சொன்ன ஐந்தாண்டு வேன் கணக்கு போன்ற ஒப்பீட்டை. அதைப் போட்டுக் காட்டாமல் முதல் ஆண்டில் திரும்ப வரும் தொகையை மட்டும் பெரிதாகச் சொல்பவரிடம் இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். சுயதொழிலாளர் கணக்கு எழுதுவதற்காகத் தரும் கட்டணம் தொழில் செலவாகக் கழியும். சம்பள ஊழியர் தம் கோரிக்கைக்காகத் தரும் கட்டணம் கழியாது.